காது கேளாத பிள்ளை வகுப்பில் இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டார வள மையம் வழியாகப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்பாசிரியர் நான். எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஆசிரியர்களும் பெற்றோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும், அதனால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

"கூப்பிட்டா உடனே திரும்பிப் பார்க்கிறான். இவனுக்கா காது கேட்கலைன்னு சொல்றீங்க?"

திரும்பிப் பார்க்கச் சத்தம் கேட்டால் போதும், பேச்சு புரிய வேண்டியதில்லை. அடியோடு எதுவுமே கேட்காத பிள்ளைகள் குறைவு. ஆ, ஊ, ஓ போன்ற உயிரொலிகள் பலமானவை, சுருதியும் தாழ்ந்தது. ஸ, ஷ, ச போன்றவை மெலிந்த ஒலிகள், சுருதி உயர்ந்தது. உயர்ந்த சுருதியில் மட்டும் குறை உள்ள பிள்ளைக்கு உங்கள் குரல் நன்றாகவே கேட்கும், என்ன சொன்னீர்கள் என்பதுதான் பிடிபடாது. வீட்டில் இதற்குப் பெயர் 'கவனமே இல்ல', பள்ளியில் 'திமிரு'.

நான் கவனிக்கச் சொல்வது வேறு விஷயங்களை. நீங்கள் "நோட்டை எடுங்க" என்றதும் அவன் நோட்டை எடுக்கிறானா, இல்லை பக்கத்துப் பிள்ளை எடுப்பதைப் பார்த்துவிட்டு எடுக்கிறானா? கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ பதில் சொல்கிறானா? முகத்தையே உற்றுப் பார்க்கிறானா? சளி பிடித்த வாரங்களில் மட்டும் படிப்பு சரிகிறதா? அப்படிச் சரிந்தால் நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம், இல்லை சீழ் வடியலாம். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சையில் சரியாகக்கூடியவை, அதனால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

"மூணு வயசுப் பிள்ளை, சொன்னா புரிஞ்சுக்காது. அதுக்கு எப்படி டெஸ்ட் எடுப்பாங்க?"

பிள்ளை பதில் சொல்லவே வேண்டாம். பெரா என்று ஒரு பரிசோதனை உண்டு. பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, காது நரம்பும் மூளைத்தண்டும் அந்த ஒலிக்கு அசைகிறதா என்று பார்ப்பார்கள். வலி கிடையாது. பிறந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. என்ற இன்னும் சுருக்கமான சோதனை இருக்கிறது. மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று ஐந்து வயது வரை காத்திருப்பது மட்டும் வேண்டாம், மொழி ஊன்றுகிற வருடங்கள் அவை.

"ஆடியோகிராம்ல 55னு போட்டிருக்கு. அப்போ 45 சதவீதம் கேட்குதுன்னு அர்த்தமா?"

இல்லை. ஆடியோகிராம் என்பது எந்தச் சுருதியில் எவ்வளவு பலமான ஒலி கேட்கிறது என்று காட்டும் தாள். அதில் உள்ள எண் டெசிபல், அதாவது ஒலி எவ்வளவு பலமானது என்பதற்கான அளவு. சதவீதக் கணக்கு வேறு. டெசிபல் ஏணியில் 10 படி ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 55 என்றால், ஒலி அந்த அளவு பலமாக இருந்தால்தான் பிள்ளைக்கு 'ஏதோ கேட்குது' என்று தெரிய ஆரம்பிக்கும். சாதாரணக் குரலில் பேசும் பேச்சில் பெரும்பகுதி நழுவிவிடும்.

அந்த ஒற்றை எண்ணைவிடத் தாளில் உள்ள கோட்டைப் பாருங்கள். இடப்பக்கம் தாழ்ந்த சுருதி (250), வலப்பக்கம் உயர்ந்த சுருதி (8000). கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் சரிந்தும் இருந்தால், முதல் கேள்வியில் சொன்ன பிள்ளை அதுதான். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே 55 இருக்கலாம், ஆனால் ஒருவன் வகுப்பில் சமாளிப்பான், இன்னொருவன் தவிப்பான்.

"40 சதவீதம் வரலைன்னு சர்டிபிகேட் கொடுக்கலை. அப்போ பள்ளிக்கூடத்துல ஒரு உதவியும் கிடையாதா?"

சட்டப்படியான சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதச் சான்று தேவைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. சதவீதம் போடும்போது நல்ல காதின் கணக்கை 5ஆல் பெருக்கி, மோசமான காதின் கணக்கைக் கூட்டி, 6ஆல் வகுப்பார்கள். ஒரு காது நூற்றுக்கு நூறு போய், இன்னொன்று முழுசாக நன்றாக இருந்தால் விடை 17க்குப் பக்கத்தில் நிற்கும். ஒற்றைக் காது பிள்ளைக்குச் சான்று கிடைக்காததன் காரணம் இதுதான், யாரும் வேண்டுமென்றே மறுக்கவில்லை.

ஆனால் வகுப்பறைக்கு இந்தக் கணக்கு தெரியாது. 45 டெசிபல் குறை உள்ள பிள்ளை கடைசி வரிசையில் இருந்து அறிவியல் பாடம் கேட்க முடியாது. ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது, கூச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பது அதைவிடக் கஷ்டம். இடம் மாற்றி உட்கார வைப்பதற்கும், எழுதிப் போடுவதற்கும், திரும்பச் சொல்வதற்கும் எந்தச் சான்றும் வேண்டாம், ஆசிரியர் மனசு வைத்தால் போதும்.

"மிஷின் போட்டாச்சு. இனிமே மத்த பிள்ளைங்க மாதிரிதானே?"

கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகிறது. காதொலிக் கருவி அந்த மாதிரி வேலை செய்வதில்லை. அது ஒலியைப் பெரிதாக்கும், உங்கள் குரலோடு மின்விசிறியையும் பெஞ்சு இழுபடுவதையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்து. காதின் உள்ளே சேதமாகியிருந்தால் பெரிதாக்கிய ஒலியும் கலங்கலாகத்தான் போய்ச் சேரும்.

கருவி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளையின் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை இடைவெளி விட்டுச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். நேற்று ஸ் சொன்னவன் இன்று சொல்லவில்லை என்றால் பேட்டரி, காதுக்குள் வைக்கும் அச்சில் அடைத்த குறும்பி, குழாயில் வேர்வை என்று ஏதோ இருக்கிறது. பொத்தான் பேட்டரி வாரம், இரண்டு வாரம்தான் வரும். அந்த அச்சும் பிள்ளை வளர வளர லூசாகி 'கீ' என்று கத்தும், அப்போது புது அச்சு எடுக்க வேண்டும். கத்துகிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைக்கும் வீடுகள் நிறைய.

"காக்ளியர் ஆபரேஷன் பண்ணினா சிறப்பாசிரியரே தேவையில்லைன்னு சொன்னாங்களே?"

தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை கிடைக்கிறது. உள்காதில் ஒரு மின்கருவியைப் பதித்து, வெளியே மாட்டும் கருவி வழியாக ஒலியைக் காது நரம்புக்குச் சேர்ப்பதுதான் இது. நல்ல விஷயம், தகுதி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் வேலை ஆபரேஷனுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கருவியைப் பலமுறை சரிசெய்ய வேண்டும், கேட்கப் பழக்கும் பயிற்சியை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். வெளிக்கருவியைக் கழற்றினால் அந்தப் பிள்ளைக்குச் சத்தம் கிடையாது. சார்ஜ் தீர்ந்தாலும் அப்படித்தான். வகுப்பில் சத்தமும் தூரமும் படுத்தும் பாடு முந்தைய பதிலில் சொன்ன பிள்ளைக்கு எப்படியோ இவனுக்கும் அப்படியே.

"ஃபர்ஸ்ட் பெஞ்சுல உட்கார வைச்சிருக்கேன். அது போதும்ல?"

பாதி போதும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், அதனால் கிட்டே இருப்பது நல்லதுதான். ஆனால் முன்பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து பதில் சொல்லும் பிள்ளை யாரென்றே தெரியாது. இரண்டாவது வரிசையில், கொஞ்சம் ஓரமாக, நல்ல காது வகுப்பைப் பார்த்து இருக்கும்படி உட்கார வைத்தால் உங்களையும் பார்க்கலாம், தலையைத் திருப்பி மற்றவர்களையும் பார்க்கலாம். சன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் அவனுக்கு வெறும் இருட்டு.

அப்புறம் கரும்பலகை. எழுதிக்கொண்டே பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அந்த நேரம் முழுக்க இந்தப் பிள்ளைக்கு வகுப்பே இல்லை. எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். வேறு பிள்ளை சொன்ன பதிலை ஒருமுறை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், தலை ஆடும். எப்போதும் ஆடும். "இப்போ முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ஆசிரியர் சட்டையில் மாட்டும் மைக்கிலிருந்து நேராகக் கருவிக்கே குரலை அனுப்பும் எஃப்.எம். ஏற்பாடு கிடைத்தால் தூரத்தையும் இரைச்சலையும் ஒரே அடியில் வெல்லலாம். விலை அதிகம், அதனால் அரிது.

"உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சுக்கிறா. கெட்டிக்காரி."

கெட்டிக்காரிதான், ஆனால் எல்லாம் புரிவதில்லை. கண்ணாடி முன் நின்று குரல் இல்லாமல் 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சொல்லிப் பாருங்கள். படம், மடம்? உதட்டில் வித்தியாசமே இல்லை. க, ங, ண, ள எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. உதட்டில் தெரிவது பேச்சில் பாதிகூடக் கிடையாது, மீதியை அவள் ஊகிக்கிறாள். தெரிந்த விஷயம் என்றால் ஊகம் பலிக்கும். 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை முதல்முதலாக உதட்டில் பார்த்து யாராலும் படிக்க முடியாது. ஆகவே புதுப் பாடத்தின் முக்கியச் சொற்களை முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருப்பது அலுப்பான வேலை. மதியத்துக்கு மேல் அவள் சோர்ந்து போனால் சோம்பேறி என்று நினைக்காதீர்கள்.

"சைகை கத்துக்கொடுத்தா பேச்சு வராமப் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லோரும் சொல்வது உண்மைதான், சொல்கிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை விலக்கிப் பேச்சு மட்டுமே என்று தீர்மானம் போட்டதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சைகை தெரிந்ததால் பிள்ளை பேசாமல் போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது. தாய்தகப்பனும் காது கேளாதவர்களாக இருந்து, பிறந்தது முதலே சைகையில் வளர்ந்த பிள்ளைகள் படிப்பில் மற்ற காது கேளாத பிள்ளைகளைவிடப் பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே முழுசாக ஒரு மொழி கிடைத்துவிடுகிறது.

நான் பார்த்துப் பயப்படுவது வேறு ஒன்றை. பேச்சும் வராமல், சைகையும் கொடுக்காமல், 'சாப்பாடு, தூக்கம், பாத்ரூம்' என்று நாலைந்து வீட்டு ஜாடைகளோடு ஏழு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளை. 'ஏன்', 'நாளைக்கு', 'ஒருவேளை' என்பதையெல்லாம் யாரும் அதனிடம் சொன்னதே இல்லை. அந்தப் பிள்ளைக்கு எந்த வழியில் மொழி ஏறுகிறதோ அந்த வழியில் கொடுங்கள், இரண்டு வழியிலும் ஏறினால் இரண்டிலும்.

"எங்களுக்குச் சைகை மொழி தெரியாதே, எங்க போய் கத்துக்கிறது?"

டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கான வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசம். மத்திய அரசின் கல்வி ஒளிபரப்பான பி.எம். இ-வித்யாவில் 31ஆம் எண் சேனல் சைகை மொழிக்கென்றே இருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்திலும் விசாரிக்கலாம். எல்லாவற்றையும்விட நல்ல வழி, உங்கள் ஊரில் உள்ள காது கேளாத பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைப்பது. பிள்ளைக்கும் தன்னைப் போல ஒருவர் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துவதைப் பார்த்த மாதிரி இருக்கும்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு, போர்டைப் பார்த்து ஒரு எழுத்து விடாம எழுதுறான். சொந்தமா எழுதச் சொன்னா 'அம்மா கடை போ' இவ்வளவுதான். ஏன்?"

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்கிற ஆசிரியர் பிள்ளையின் நோட்டை நிஜமாகவே பார்த்திருக்கிறார். பார்த்து எழுதுவது கை வேலை, அதை மொழி என்று எண்ணி ஏமாந்து மூன்று நான்கு வருடம் கடந்துவிடுகிறது. தமிழில் அர்த்தத்தின் பாதி சொல்லின் வாலில் இருக்கிறது: கடைக்கு, கடையில், கடையிலிருந்து, கடையை. பேசும்போது நாம் அழுத்தாமல் விழுங்குவது அந்த வாலைத்தான். காதிலும் விழாது, உதட்டிலும் தெரியாது. கேட்காத ஒன்றை அவன் எங்கிருந்து எழுதுவான்?

இதோடு, வீட்டில் அவன் உதட்டில் பார்ப்பது 'போயிட்டாங்க', புத்தகத்தில் இருப்பது 'சென்றுவிட்டார்கள்'. கேட்கும் பிள்ளை இரண்டும் ஒன்று என்று தானாக உணர்ந்துகொள்ளும், டிவிச் செய்தியிலும் மேடைப் பேச்சிலும் அந்த எழுத்துத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இவனுக்கு யாராவது பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். நான் செய்வது இது: பிள்ளையே செய்த ஒரு காரியத்தைப் படமாக வரையச் சொல்லி, கீழே ஒரே வாக்கியத்தை வால் மாற்றி மாற்றி எழுதி, நடித்துக் காட்டுவது. கடைக்குப் போ, கடையிலிருந்து வா. வண்ணப் பேனாவில் அந்த வாலை மட்டும் எழுதுவது. மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையில் சுழித்து மதிப்பெண் குறைப்பதால் ஒன்றும் வராது.

"நாலாவது வந்துட்டான், படிக்கவே தெரியலை. புத்தி மந்தம்னு எழுதிடலாமா?"

எழுதாதீர்கள். முதலில் எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே பரவலாக எடுக்கப்படும் பினே-காமத் அறிவுத்திறன் சோதனையில் நிறையக் கேள்விகள் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குபவை. மொழி எட்டாத பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் மதிப்பெண் சரியத்தான் செய்யும், அந்த எண்ணுக்கு அறிவோடு சம்பந்தமில்லை. வடிவங்களைப் பலகையில் பொருத்துவது, படக்கோலத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிப்பது (ரேவன் சோதனை) போன்ற பேச்சில்லாத சோதனைகளைக் கேளுங்கள், அதையும் பிள்ளையோடு சைகையிலோ நடித்தோ பேசத் தெரிந்தவர் எடுக்க வேண்டும். காது, அறிவு இரண்டிலும் குறை உள்ள பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் சோதனை சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

"அப்போ வகுப்புல நாங்களே எப்படி மதிப்பிடுறது?"

இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பாருங்கள்: என்ன போய்ச் சேர்கிறது, சேர்ந்ததில் என்ன தெரிகிறது. முதலாவதுக்கு ஒரு எளிய வழி உண்டு. பத்துச் சின்ன வாக்கியங்கள் எடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் முகம் தெரிய நின்று சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லவோ சைகையில் காட்டவோ விடுங்கள். வேறு பத்து வாக்கியங்களை, அதே தூரத்தில் முகம் தெரியாமல் பின்பக்கம் நின்று சொல்லுங்கள். அப்புறம் நாலு மீட்டர் தள்ளி, மின்விசிறி ஓட, வகுப்பு பேசிக்கொண்டிருக்க. பக்கத்தில் ஒன்பது சரி, தள்ளிப் போனால் மூன்று என்று வந்தால், தலைமையாசிரியரிடம் காட்ட இதைவிட நல்ல காகிதம் வேண்டாம். ஆடியோகிராம் சொல்லாததை இது சொல்லும்.

இரண்டாவதில், சொல்வதை எழுதும் தேர்வை இந்தப் பிள்ளைக்கு வைக்காதீர்கள், அது உதடு பார்க்கும் தேர்வாகிவிடும். படத்தைக் காட்டி எழுதச் சொல்லலாம். வாய்மொழிக் கேள்வியை எழுதிக் கொடுக்கலாம், பதிலைச் சைகையில், செய்து காட்டி, வரைந்து வாங்கலாம். எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டிலும் கணக்குக்கு இப்படிச் செய்தால், முன்பு பூஜ்யம் வாங்கிய பிள்ளை சட்டென்று மேலே வருவதைப் பார்க்கலாம்.

"பப்ளிக் எக்ஸாம்ல என்னென்ன சலுகை? எல்லாத்தையும் வாங்கிடலாமா?"

நம் மாநிலப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர். சி.பி.எஸ்.இ.யிலும் ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் மொழிப்பாடத்தில் தளர்வும் உண்டு. 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவே கூடுதல் நேரத்தையும் இரண்டாம், மூன்றாம் மொழி விலக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தலைமையாசிரியர் மூலமாகச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு வாரத்தில் ஓடினால் நடக்காது.

கூடுதல் நேரத்தைக் கண்டிப்பாக வாங்குங்கள், கேள்வியைப் படித்துப் புரியவே இவர்களுக்கு நேரம் போகிறது. எழுதுபவர் பெரும்பாலும் தேவையில்லை, கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. மொழி விலக்கில்தான் யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் விலக்கு வாங்குவது ஒன்று, ஆறாம் வகுப்பிலேயே 'எப்படியும் விலக்குதானே' என்று அந்தப் பாடவேளையில் பிள்ளையைச் சும்மா உட்கார வைப்பது வேறு. இரண்டாவது நடப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

"சிறப்புப் பள்ளியில சேர்க்கலாமா, ஊர்ப் பள்ளியே போதுமா?"

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளி முதல் இன்றுவரை தமிழ்நாட்டில் காது கேளாதோர் பள்ளிகளுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. அங்கே பிள்ளைக்குச் சைகையில் பேச நூறு பேர் இருப்பார்கள். ஊர்ப் பள்ளியில் வீட்டோடு இருக்கலாம், ஆனால் பேச ஆளில்லாமல் போகலாம். நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இடைவேளையில் இந்தப் பிள்ளை யாரோடு, எதைப் பற்றிப் பேசும்? பதில் 'யாரோடும் இல்லை' என்றால் பக்கத்திலிருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தப் பள்ளியை எடுக்காதீர்கள். நன்றாகப் பேச்சு வந்து, கருவி பொருந்தி, ஆசிரியரும் ஒத்துழைத்தால் ஊர்ப் பள்ளியே போதும்.

"எட்டாவது வந்ததிலிருந்து மிஷினைக் கழற்றிப் பைக்குள்ள போட்டுடறா. திட்டியும் பார்த்தாச்சு."

திட்டினால் கழற்றுவதை மறைக்கக் கற்றுக்கொள்வாள். யாராவது கிண்டல் செய்தார்களா என்று கேளுங்கள், கூடவே கருவி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய அச்சு வலிக்கிறது, கூச்சலில் தலை வலிக்கிறது என்று அவளிடம் நியாயமான காரணம் இருக்கும், கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கும். எந்தப் பாடவேளையில் கட்டாயம் போட வேண்டும், எப்போது கழற்றலாம் என்று அவளையே பட்டியல் போடச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

"இவனுக்கு மட்டும் கேள்வியை எளிமையாக்கினா மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?"

எதை எளிமையாக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்குத் தாளில் இப்படி ஒரு கேள்வி: 'வியாபாரி ஒருவர் 240 ரூபாய்க்கு வாங்கிய பொருளொன்றை 15 விழுக்காடு இலாபம் கிடைக்குமாறு விற்பாராயின் அவர் பெறும் தொகை யாது?' இதையே 'வாங்கிய விலை 240 ரூபாய். இலாபம் 15%. விற்ற விலை என்ன?' என்று கொடுத்தால் கணக்கு மாறவில்லை, 276 கண்டுபிடிக்க அதே வேலையைத்தான் செய்ய வேண்டும். 'விற்பாராயின்' தெரியாததற்கு மதிப்பெண்ணைக் குறைப்பதுதான் அநியாயம். 240க்குப் பதில் 100 என்று போட்டு, 15க்குப் பதில் 10 என்று போட்டுக் கொடுத்தால் அது வேறு கணக்கு, அதைச் செய்யாதீர்கள், பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

தமிழ்த் தாளில் உரைப்பத்தி கொடுத்துப் புரிதலைச் சோதிக்கும் கேள்வி வந்தால் பத்தியைக் குறுக்கக் கூடாது, அங்கே சோதிப்பதே வாசிப்பைத்தான். நேரம் கூடுதலாகக் கொடுங்கள், 'பொருத்துக', 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மாதிரி செய்து காட்டுங்கள், பத்தியை அவனே படிக்கட்டும்.